பாசியும் பாட்டமும்: கொங்கு நாட்டுக் குளமீன் உரிமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஏரி, குளம், கண்மாய் முதலிய நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடுங்கால், அதனை ‘மீன்பாசிக் குத்தகை’ என வழங்கும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உள்ளது. ஊராட்சி அறிவிப்புகளிலும் அரசு ஆவணங்களிலும் இத்தொடரைக் காண்கின்றோம். விலைக்கு விடப்படுவது மீன். அங்ஙனமாகப் பாசி என்னும் சொல் அதனோடு சேர்ந்து நிற்பது ஏன்? எதுகை நயத்திற்காக மக்கள் சேர்த்துக்கொண்ட வெற்றுச் சொல்லென இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், கல்வெட்டுகளில் வரும் ‘பாசிப்பாட்டம்’ என்னும் சொல்லை நோக்குவார்க்கு, அவ்வாறு தள்ளுதல் பொருந்தாது என்பது விளங்கும். இச்சொல்லின் வரலாற்றை ஆராய்ந்து, அதன்வழிக் கொங்கு நாட்டில் குளமும் குட்டையும் மீனும் பேணப்பட்ட முறையைத் தெளிதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பழைய வழக்கொன்றை அறிவதோடு இவ்வாராய்ச்சி நின்றுவிடாது. தம் தோட்டத்துக் குட்டையில் மீன் வளர்க்க விரும்பும் இற்றை நாள் உழவருக்கும் இதனால் விளங்கும் உண்மை ஒன்று உண்டு என்பது யாம் கொண்ட முடிபு.

1. கொங்கு நாட்டு நீர்நிலைகள்

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. மேற்கு மலைத்தொடரின் மறைவில் அமைந்தமையால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பாலே பெய்துவிடுகின்றது. கோயம்புத்தூரில் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவிலேயே மழை பெறப்படுகின்றது. இக்குறையை ஈடு செய்வது நொய்யலாறு. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியில் கலக்கும் இவ்வாற்றில், மலைமேற் பெய்யும் தென்மேற்கு மழையால் ஒருமுறையும், சமவெளியிற் பெய்யும் வடகிழக்கு மழையால் மறுமுறையும் நீர் வரும்.

ஆற்றில் நீர் நிலையாக ஓடாமையின், வந்த நீரை அணைகளால் திருப்பி, வாய்க்கால் வழிக் கொணர்ந்து குளங்களில் தேக்கும் அமைப்பினை முன்னோர் வகுத்தனர். சித்திரைச்சாவடி அணையிலிருந்து பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருட்டிணாம்பதி முதலிய குளங்களை நிரப்புகின்றது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூரின் பெரிய குளமும் சின்னக் குளமும் ஆகிய இவையெல்லாம் இவ்வமைப்பைச் சார்ந்தனவே. ஒரு குளம் நிறைந்து வழியும் நீர் அடுத்த குளத்தைச் சேருமாறு இவை தொடர்புற்றுள்ளன. வடக்கே பவானியாற்றினின்று பிரிந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் செல்லும் காலிங்கராயன் கால்வாயும் இந்நாட்டு நீர்ப்பணிகளின் பழைமைக்குச் சான்றாகும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இக்குளங்களில் எதுவும் மீனுக்காக வெட்டப்பட்டதன்று. வயலுக்கும் கிணற்றூற்றுக்கும் கால்நடைக்கும் வேண்டிய நீரைக் காப்பதே அவற்றின் பயன். மீன் அவ்வழிக் கிடைத்த உடன்விளைவு. எனினும், அவ்வுடன்விளைவுக்கெனத் தனி உரிமையும், அவ்வுரிமைக்கெனத் தனிப்பெயரும் தோன்றின. அவை தோன்றிய காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

2. சொல்லாராய்ச்சி

‘பாட்டம்’ என்பது குத்தகை, இறை என்னும் பொருளில் கல்வெட்டுகளில் பயில வழங்கும் சொல். மலையாளத்தில் நிலக்குத்தகையைக் குறிக்க இன்றும் அச்சொல் உள்ளது. ‘பாசி’ என்பது பசுமைப் பண்பின் அடியாகப் பிறந்தது. நீரிற் படரும் பசிய நுண்பயிரையும் நீர்ப்பூண்டுகளையும் அது குறிக்கும். இவ்விரு சொல்லும் இயைந்த ‘பாசிப்பாட்டம்’ இடைக்காலக் கல்வெட்டுகளின் வரிப்பட்டியல்களில் ஏனை ஆயங்களோடு வருகின்றது. கல்வெட்டு அறிஞர் அதற்கு நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமைக்கான பாட்டம் என்றே பொருள் கொள்வர். காலப்போக்கில் பாட்டம் என்னும் சொல் தமிழ்நாட்டு வழக்கில் அருகிக் குத்தகை என்பது அதன் இடத்தைப் பெற்றது. பாசியோ நீங்காது நின்றது. ஆகவே, ‘மீன்பாசிக் குத்தகை’ என்னும் இக்காலத் தொடர் பழைய பாசிப்பாட்டத்தின் வழிவந்ததே எனக் கொள்ளுதல் தகும்.

பாசியின் பெயரால் மீனுரிமை சுட்டப்பட்டதற்கு இருவகை விளக்கம் கூறலாம். குத்தகை கொண்டவர் மீனை மட்டுமன்றி நீரில் விளையும் தாமரை, அல்லி, கொட்டி முதலியவற்றையும் கொள்ளும் உரிமையுடையர். ஆதலின் நீரின் பசும்பயிரெல்லாம் அடங்கப் பெயரிட்டனர் என்பது ஒன்று. பாசி உள்ள நீரே மீனுள்ள நீர் என்னும் பட்டறிவால், காரணத்தின் பெயரைக் காரியத்திற்கு ஏற்றிக் கூறினர் என்பது மற்றொன்று.

முதல் விளக்கத்திற்கு அரண் செய்வது கௌடலியரின் பொருணூல். அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில், அணையிட்ட நீர்நிலைகளில் மீன், ஓடம், பசுங்காய்கறி ஆகியவற்றின்மேல் உரிமை அரசனுக்கே உரியதென விதிக்கப்பட்டுள்ளது. ஆங்கு வரும் ‘அரிதம்’ என்னும் சொல்லும் பசுமை குறித்ததே. நீரின் மீனையும் நீரின் பசுமையையும் ஒரே உரிமையில் அடக்கும் நோக்கு, வடபுல நூலிலும் தமிழ்க் கல்வெட்டு வழக்கிலும் ஒருங்கு காணப்படுதல் நினையத்தக்கது. ஒன்று மற்றொன்றினின்று வந்தது எனக் கூற வேண்டுவதில்லை. ஒத்த வாழ்க்கை ஒத்த கருத்தைத் தோற்றுவிக்கும்.

இரண்டாம் விளக்கத்தைச் சொல்லாராய்ச்சி ஒன்றால் மட்டும் நிறுவுதல் அரிது. ஆயின், குளத்து நீரின் இயல்பை அறிந்தார்க்கு அது பெரிதும் பொருந்துவதாகத் தோன்றும். அதனைப் பின்னர்க் காட்டுவாம்.

3. உரிமையும் கடமையும்

குளம் வெட்டுதலினும் குளத்தைக் காத்தல் அரிது. ஒவ்வொரு வெள்ளத்தோடும் வண்டல் வந்து படியும். கரை கரையும். மடை பழுதுறும். ஆகவே காப்புக்கென ஆளும் பொருளும் என்றும் வேண்டும். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின்கீழ் ஏரி வாரியம் என ஒரு குழு தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. ஏரியைத் தூர்வாருதற்கும் பேணுதற்கும் ‘ஏரிப்பட்டி’ என நிலம் விடப்பட்டதையும் கல்வெட்டுகளால் அறிகின்றோம். விசயநகரர் காலத்தில் ஏரி மீனால் வந்த வருவாயை அவ்வேரியின் பழுது நீக்கவே செலவிடுமாறு ஏற்பாடு செய்த இடங்களும் உண்டு.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தை உன்னுதல் வேண்டும். தூர்ந்த குளத்தில் நீர் ஆழமின்றிப் பரந்து நிற்கும்; கோடையில் விரைவில் வெப்பமுற்று வற்றும்; மீன் பருக்குமுன் இறக்கும். தூர்வாரிய குளத்தில் நீர் ஆழமாக நெடுநாள் நிற்கும், மீன் பெருகும், பாட்டம் உயரும். உயர்ந்த பாட்டத்தால் மீண்டும் தூர்வாரலாம். அஃதாவது, மீன் குளத்திற்குக் கூலி கொடுத்தது. குளம் அக்கூலியை மீனுக்கே திருப்பித் தந்தது. மீனைக் கொள்வோர் கரையைக் காப்பதற்குக் கடப்பாடுடையர் என்னும் அறம், இவ்வாறு கணக்கு வழியாகவே ஊரில் நிலைபெற்றது.

கோடையில் வறண்ட குளத்தின் வண்டலை உழவர் வண்டிகளில் ஏற்றித் தம் நிலத்திற்கு எருவாகக் கொண்டுசென்றதும் இவ்வட்டத்தின் ஒரு பகுதியே. மீனுக்கு மிகையான வண்டல் பயிருக்கு உரமாயிற்று. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டில் உழவர் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ள அரசு இசைவளித்தது, இப்பழைய வழக்கிற்குக் கிடைத்த புதிய ஏற்பாகும்.

4. வறண்ட குளமும் வரால் மீனும்

சங்க நூல்களில் வாளை, வரால், கயல், ஆரல், அயிரை முதலிய நன்னீர் மீன்களின் பெயர்கள் பலவிடத்தும் வருகின்றன. இவற்றுட் சில, வற்றும் குளத்திற்கென்றே அமைந்த இயல்பின. வரால் நீர்மேல் வந்து காற்றை உட்கொள்ளும் ஆற்றலுடையது. ஆதலின் நீர் குறைந்து சேறாகிய இடத்தும் உயிர் தாங்கும். தன் குஞ்சுகளைக் கூட்டமாகக் காத்துத் திரியும். அயிரையும் ஆரலும் மணலிலும் சேற்றிலும் மறைந்து வாழும். புதுநீர் வந்தபொழுது இவை மீளப் பெருகிக் குளத்தை நிரப்பும். ஆதலின், குஞ்சு விடுவார் ஒருவரும் இன்றியே குளம் மீன் தந்தது.

ஆண்டுதோறும் குளம் வறளுதல் மீனுக்குக் கேடு எனக் கருதுவாருளர். உண்மை வேறு. அடிமண் வெயிலிற் காய்ந்து வெடிக்குங்கால், அதிற் புதைந்த மட்கு காற்றோடு கலந்து சிதைந்து, அடுத்த நீருக்கு உரமாகின்றது. நோய்க்கிருமிகளும் மிக்குப் பெருகிய ஊனுண்ணி மீன்களும் ஒழிகின்றன. ஐரோப்பாவின் பொகீமிய நாட்டுக் குளக்காரரும் இதனை உணர்ந்திருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் அங்குப் பெருங்குளங்கள் கட்டப்பட்டன. 1547இல் துப்ராவியுசு என்னும் ஆயர் மீன்குளங்களைப் பற்றி இலத்தீனில் ஒரு நூலே இயற்றினார். அந்நாட்டார் குளத்தை வடித்து மீனை எடுத்தபின் சிலகாலம் வறளவிடும் முறையைக் கைக்கொண்டனர். அவர்கள் திட்டமிட்டுச் செய்ததைக் கொங்கு நாட்டின் பங்குனி சித்திரை வெயில் தானே செய்தது.

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடநூலும் ஈண்டு நினைக்கத்தக்கது. தூண்டிலிட்டு மீன் பிடித்தலை அரசர்க்குரிய விளையாட்டுகளுள் ஒன்றாக வைத்து, மீன்வகைகளையும் அவற்றிற்கு இட வேண்டிய இரையையும் அந்நூல் விரித்துரைக்கின்றது. நல்ல மீன் வேண்டுவார் முதலில் அதற்கு உணவிட வேண்டும் என்பது தென்னாட்டாருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிந்த உண்மை.

5. புதிய மீனும் புதிய துறையும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலை மாறத் தொடங்கிற்று. வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்லுதலைத் தடுக்க 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்தின் மீன்துறை 1907இல் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த பிரடெரிக் நிக்கல்சன், கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றிய விரிவான கையேட்டினை 1887இல் தொகுத்தவர். 1895 முதல் 1897 வரை வெளிவந்த அவருடைய அறிக்கை இந்தியக் கூட்டுறவு இயக்கத்திற்கு வித்திட்டது. கொங்கு நாட்டு மண்ணையும் கிணற்றையும் கடனையும் அறிந்த ஒருவரே பின்னர் மீனைப் பற்றியும் எண்ணினார் என்பது தற்செயலாக இருப்பினும் பொருள் பொதிந்தது.

இத்துறையின் முயற்சியால் ஆந்திர நாட்டு ஆறுகளின் மீனாகிய கட்லா காவிரிக்குக் கொணரப்பட்டது. தமிழர் அதனைத் தோப்பா என்றும் வழங்கினர். 1934இல் மேட்டூர் அணை முடிவுற்றபின் அம்மீன் ஆங்குப் பெருகிற்று. பவானிசாகர், ஆழியாறு ஆகிய அணைகளை ஒட்டியும் மீன்பண்ணைகள் அமைந்தன. எனினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. ஆற்று வெள்ளத்திலேயே அவை இனம்பெருக்கும். ஆகவே குஞ்சுக்கு ஆற்றையே நம்ப வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் கட்டாக்கில் ஈராலால் சௌதுரியும் அலிக்குஞ்ஞும் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திப் பெருங்கெண்டையைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அந்நாளே இன்று தேசிய மீன் உழவர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

இவ்வெற்றியால் சிறு குட்டையுடையாரும் விரும்பிய குஞ்சை வாங்கி விடுதல் இயல்வதாயிற்று. அதனோடு பழைய கட்டு ஒன்று தளர்ந்தது. குளத்தைக் காத்தால்தான் மீன் உண்டு என்றிருந்த நிலை மாறி, குஞ்சை வாங்கினால் மீன் உண்டு என்னும் எண்ணம் தோன்றிற்று. குஞ்சு விடுதலே மீன் வளர்த்தல் என மயங்கினர் பலர்.

6. தோட்டத்துக் குட்டை

இனி, தனியார் குட்டையை நோக்குவாம். பாறையை அகழ்ந்து வெட்டிய பெருங்கிணறுகளும், அண்மைக் காலத்தில் தோட்டங்களில் வெட்டப்படும் பண்ணைக்குட்டைகளும் கொங்கு உழவரின் தனியுடைமைகள். இவற்றிற்கு ஊர்ச்சபை இல்லை, ஏரி வாரியம் இல்லை, பாட்டமும் இல்லை. உரிமையும் கடமையும் ஒருவரிடத்தேயே உள்ளன. ஆதலின் பாசிப்பாட்டத்தின் உட்பொருள் இங்கு இன்னும் தெளிவாக விளங்கும்.

முதலாவது, நீரின் நிறம். தெளிந்த நீர் கண்ணுக்கு இனியது, மீனுக்கு வறியது. நுண்பாசி செழித்த நீர் இளம்பசுமை கொள்ளும். அப்பாசியை உண்டு நுண்ணுயிர்கள் பெருகும். அவ்வுயிர்களைக் கட்லா உண்ணும். மேல்நீரில் கட்லாவும் இடைநீரில் ரோகுவும் அடிநீரில் மிர்காலும் இரை தேடுதலின், மூன்றையும் சேர்த்து விடுவதால் குட்டையின் உணவு முழுவதும் பயன்படும். பசுமையை அளக்கக் கருவி வேண்டா. கையை முழங்கை அளவு நீரில் அமிழ்த்தும்பொழுது உள்ளங்கை கண்ணுக்கு மறையுமாயின் நீர் தக்க அளவில் உள்ளது. அதற்கு முன்னரே மறையுமாயின் எருவை நிறுத்துதல் வேண்டும். முழங்கைக்கும் மேல் அமிழ்த்திய பின்னும் தெரியுமாயின் மாட்டுச் சாணம் இடுதல் வேண்டும். பாசியே மீன் என்னும் இரண்டாம் விளக்கம் பொருந்துவது இதனால் புலனாகும்.

இரண்டாவது, பாசியின் அளவு. பகலில் உயிர்வளியை வெளியிடும் பாசி இரவில் அதனையே உட்கொள்ளும். ஆகவே பாசி மிக்க நீரில் வைகறைப் பொழுதில் உயிர்வளி குறைந்து, மீன் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவிக்கும். அக்காட்சியைக் கண்டவர் உடனே எருவையும் இரையையும் நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுதல் வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. சிறு நீரில் மீன் பல்கின் எல்லாம் சிறுத்தே நிற்கும். 1952இல் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட திலேப்பியா, ஓயாது குஞ்சு பொரித்துக் குட்டைகளை விரலளவு மீன்களால் நிரப்பியது இதற்குச் சான்று. அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் என்னுமிடத்து சுவிங்கில் என்பார், 1930களில் தொடங்கிப் பண்ணைக்குட்டைகளை ஆராய்ந்தார். உண்ணும் மீனும் உண்ணப்படும் மீனும் தக்க அளவில் இருந்தாலன்றித் தூண்டிலுக்கு நல்ல மீன் கிட்டாது என்பது அவர் கண்ட முடிபு. நம் குளங்களில் கெண்டையின் பெருக்கத்தை அடக்கியவை வராலும் வாளையும். பெருங்கெண்டைக் குஞ்சு விடும் குட்டையில் அவை பகையாகும். சிறுமீன் மலிந்த குட்டையில் அவை துணையாகும். இடமறிந்து வைத்தல் வேண்டும்.

நான்காவது, குட்டையைத் தூய்மை செய்தல். வற்றச் செய்து காயவிடுதலே சிறந்தது. வற்றாத குட்டையில் இலுப்பைப் புண்ணாக்கினை இடுவர். அதிலுள்ள நுரைப்பொருள் வேண்டா மீன்களைக் கொன்று, சில வாரங்களில் நஞ்சு நீங்கிப் பின்னர் எருவாகும். நெகிழித்தாள் விரித்த குட்டைகளில் அடிமண் நீரைத் தொடுவதில்லையாதலின், மண் தரும் உரம் அங்கு இல்லை. எருவைச் சிறிது சிறிதாக அடிக்கடி இடுதல் ஒன்றே அதற்கு ஈடு.

இந்நான்கும் ஊர்க்குளத்தில் இயல்பாக நிகழ்ந்தவற்றின் சிறு வடிவங்களே. வெள்ளம் கொணர்ந்த எருவும், கோடை வெயிலும், வராலின் பசியும், வண்டி கொண்ட வண்டலும் செய்த பணிகளைத் தனியுடைமையாளர் தம் கையாற் செய்தல் வேண்டும்.

7. பிரிந்த இரண்டு

உரிமையும் கடமையும் பிரிந்தவழி நேரும் கேட்டிற்கு நொய்யற் குளங்களே சான்று. நகர் பெருகக் கோயம்புத்தூர்க் குளங்களின்கீழ் இருந்த வயல்கள் அருகின. வயல் இல்லாதவழி நீரைக் கேட்பாரில்லை, கரையைக் காப்பாருமில்லை. கழிவுநீர் மட்டும் தவறாது வந்தது. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிற்று. பாசியும் பசுமையே, ஆகாயத்தாமரையும் பசுமையே. ஆயின் முன்னது ஒளியை ஏற்று நீரை உயிர்ப்பிக்கும். பின்னது ஒளியை மறைத்து நீரை மூச்சடைக்கச் செய்யும். மீன்குத்தகை தொடர்ந்தது, அதன் வருவாய் கரைக்கு மீளவில்லை. குறுகிய காலக் குத்தகை கொண்டார்க்கு அடுத்த ஆண்டின் குளத்தைப் பற்றிக் கவலை கொள்ளக் காரணமும் இல்லை.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. உழவுக்கென 1992இல் முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, அந்நீர் பயிருக்கும் மீனுக்கும் ஆகாததாயிற்று. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அக்கேடு முற்றியது. நீரைப் பயன்கொண்டவர் நீரைக் காக்கும் கடமையை ஏலாமையே இதன் வேர். சிங்காநல்லூர்க் குளத்தை 2017இல் நகர்ப்புறப் பல்லுயிர்க் காப்பிடமாக அறிவித்தமை, கேட்டினிடையே தோன்றிய நன்முயற்சியாகப் போற்றத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான் பெறப்படுவன: மீன்பாசிக் குத்தகை என்னும் தொடர் கல்வெட்டுப் பாசிப்பாட்டத்தின் எச்சம். அது மீனையும் மீனுக்கு அடிப்படையாகிய நீர்ப்பசுமையையும் ஒருங்கே சுட்டிற்று. மீனுரிமையின் வருவாய் குளத்தின் காப்புக்கு மீண்டவிடத்து இரண்டும் வாழ்ந்தன. மீளாதவிடத்து இரண்டும் கெட்டன. தனியார் குட்டைக்கும் இதுவே விதி. மீனைப் பேணுவார் நீரைப் பேணுதல் வேண்டும்; நீரைப் பேணுவார் அடிமண்ணைப் பேணுதல் வேண்டும். இன்று குளங்களை ஏலத்தில் விடுவோர் பாட்டத்தின் ஒரு பங்கினை அக்குளத்தின் தூர்வாரலுக்கே ஒதுக்குவாராயின், அது புதுமை ஆகாது. பழைய கணக்கினை மீண்டும் எழுதுதலேயாம். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் குளம், மீன், பாட்டம் பற்றி வரும் சொற்களை ஒருங்கு தொகுத்து ஆராய்தல், தமிழாராய்ச்சி மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.